ரோட்டில் பொங்கிய கட்டுச்சோறு

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள். முன்னால் நடந்ததைப் பின்னாலும் பின்னால் நடந்ததை முன்னாலும் எழுதிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறதியும் சேர்ந்துகொண்டது. ஆனாலும் அன்றைக்கு வீசிய புளிச்சோற்று வாசம் மட்டும் மூக்கை விட்டுப் போகவில்லை.

சண்டைக் காலம் அது. சண்டை எங்கேயோ கடலுக்கு அப்பால் நடந்தது. எங்கள் சுந்தரபாண்டியத்துக்கு அது அரிசிப் பஞ்சமாகத்தான் வந்து சேர்ந்தது. ராஜபாளையத்தில் ரேஷன் போட்டிருந்தார்கள். வெளியிலிருந்து அந்த ஊருக்குள் அரிசி கொண்டுபோக வேண்டுமென்றால் பெர்மிட் வேண்டும். ரோட்டில் ஒரு மூங்கிலைக் குறுக்கே கட்டிப் போலீஸ்காரர்கள் நின்றார்கள். மூட்டை, கூடை, மடி என்று எதையும் விடாமல் சோதனை போட்டார்கள். பிரசவத்துக்குப் போன ஒருத்தியின் முடிச்சிலிருந்து கால்படி அரிசியைப் பிடுங்கிக்கொண்டதாகக்கூட ஊரில் பேச்சு. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே எங்களுக்குத் தெரியாது.

அப்போது என் அக்காவுக்கு ஏழாம் மாதம். ராஜபாளையத்தில்தான் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தது. ஏழாம் மாதத்தில் பிறந்த வீட்டார் கட்டுச்சோறு கொண்டுபோய்ப் போட வேண்டும். அதுவும் பிறந்த வீட்டு அரிசியாகவே இருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை. அக்காவின் மாமியார் ஏற்கெனவே ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார்: “அவியளுக்கு முடியலைன்னா சொல்லிரட்டும். ரேஷன் கடைப் புழுத்த அரிசில நாங்களே பொங்கிப் போட்டுக்கிடுதோம்.” அதைக் கேட்டு அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அரிசி போகாவிட்டால் அந்தப் பேச்சை அக்கா ஆயுசுக்கும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

அம்மாவின் தம்பியான மாமா பெர்மிட் கேட்டுத் தாலுகா ஆபீசுக்கு நடையாக நடந்தார். இதற்கெல்லாம் கொடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கோழி கூப்பிடும் நேரத்தில் மாமா வண்டியைப் பூட்டினார். அப்பாவுக்குக் காய்ச்சல், வரவில்லை. அம்மாவும் அப்பாவின் அக்காவான அத்தையும் நானும் ஏறிக்கொண்டோம். புளிக்காய்ச்சலை அம்மா முந்தின நாளே காய்ச்சி ஜாடியில் எடுத்திருந்தாள். பனையோலைப் பெட்டிகளில் வெல்லம், தேங்காய், அப்புறம் தயிர்ப்பானை எல்லாம் இருந்தது. சோற்றை அங்கே போய்ச் சூடாகப் பொங்குவதாக ஏற்பாடு. சம்பந்தி வீட்டில் பாத்திரம்கூடக் கேட்கக் கூடாது என்று ஒரு அண்டாவையும் ஏற்றியிருந்தார்கள். அரிசிச் சாக்கை வைக்கோலுக்கடியில் திணித்து, அதன்மேல் என்னை உட்கார வைத்தார் அத்தை.

“ஏட்டி, எவன் எந்திரின்னாலும் எந்திரிக்காத. வயித்துவலின்னு சொல்லு.”

அத்தை பிள்ளை இல்லாதவர். வாயால்தான் வாழ்ந்தார் என்று மாமா சொல்வார். மாமாவோ, வாயே இல்லாதவர்.

சீவில்லிபுத்தூர் தாண்டி, மடவார் வளாகத்துக் கோபுரம் பின்னால் போனதும் மூங்கில் தடுப்பு வந்துவிட்டது. புளியமரத்தடியில் ஒரு ஏட்டையாவும் இளவயதுப் போலீஸ்காரர் ஒருவரும் நின்றார்கள். எங்களுக்கு முன்னால் நாலைந்து வண்டிகள். மரத்தின் மறுபக்கம் ஒரு மனிதர் தனியாகக் குத்தவைத்திருந்தார். பக்கத்தில் சந்தைக்குக் கொண்டுபோகிற மாதிரி ஒரு வெள்ளாடு கட்டியிருந்தது.

எங்கள் முறை வந்தது. அத்தை சொன்னபடியே நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு வராத திறமையெல்லாம் அன்றைக்கு வந்துவிட்டது. அம்மாவே பயந்துபோய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இளவயதுப் போலீஸ்காரர் ரொம்ப இளகின மனசுக்காரர். “ஐயோ பாவம், பிள்ளை துடிக்குதே!” என்று என்னை அப்படியே தூக்கி இறக்கி, தண்ணீர் கொடுக்கக் கொண்டுபோய்விட்டார். வைக்கோல் என்னோடு சரிந்தது. சாக்கு பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

மாமா கையெடுத்துக் கும்பிட ஆரம்பித்தவர் கும்பிட்டபடியே நின்றார்.

“அம்புட்டுத்தானா, இன்னும் இருக்கா? பொம்பளைக ரெண்டு பேரும் இறங்கி மடிய அவுத்து உதறுங்க” என்றார் ஏட்டையா.

அத்தை இறங்கினார். இடுப்புச் சேலையை இன்னும் இறுக்கிச் செருகிக்கொண்டார்.

“உதறுதேன். பொம்பளைய சோதிக்க ஒரு பொம்பளையக் கூட்டிட்டு வாங்க. உங்க வீட்டம்மா வந்தாலும் சரிதான்.”

பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். ஏட்டையாவின் மீசை துடித்தது.

“என்ன, சட்டம் பேசுதியோ?”

“சட்டம் உங்க பையில இருக்கு. சேலை என் இடுப்புல இருக்கு.”

ஏட்டையா லத்தியால் சாக்கைத் தட்டினார். “சரி, சேலை இருக்கட்டும். சாக்கு இறங்கட்டும்” என்றார்.

அம்மா அப்போதுதான் அழுதாள். மகளுக்கு ஏழாம் மாதம், கட்டுச்சோறு, இன்றைக்கே போட வேண்டும் என்று விக்கி விக்கிச் சொன்னாள். அழுகையைக் கேட்க ஏட்டையாவுக்கும் பிடிக்கவில்லை போலிருக்கிறது. எரிச்சலோடு கத்தினார்:

“அரிசி ஊருக்குள்ள போகக் கூடாது, அம்புட்டுத்தான். அம்புட்டு ஆசைன்னா இங்கனயே பொங்கித் தின்னுட்டுப் போங்க! யாரு உங்க கையப் புடிச்சா?”

அத்தை சட்டென்று திரும்பி வண்டிக்காரர்களைப் பார்த்தார். “ஐயா சொன்னது எல்லாருக்கும் கேட்டுச்சா? ஏலே தம்பி, அண்டாவ இறக்கு!”

மாமாவுக்குப் புரிய நேரமானது. புரிந்ததும் அண்டாவை இறக்கிய வேகத்தில் மாடே மிரண்டது.

மரத்தடியில் குத்தவைத்திருந்த மனிதர் தானாகவே எழுந்து வந்தார். மூன்று கல்லைப் புரட்டிக்கொண்டு வந்து அடுப்புக் கூட்டினார். காய்ந்த உடைமுள்ளை ஒடித்துப் போட்டு, குனிந்து ஊதித் தீ மூட்டினார். அவருடைய பெருவிரல் கருநீலமாக இருந்தது. “நாவப்பழம் தின்னியளா?” என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே விரலை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டார். அத்தை என் தொடையில் கிள்ளினார். எதற்கு என்று தெரியவில்லை.

பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து மாமா தண்ணீர் கொண்டுவந்தார். தோட்டக்காரம்மா தெலுங்கு பேசுகிறவர். “தேவுடா, ரோட்டுலயா சீமந்தம்!” என்று சிரித்துக்கொண்டே வாழையிலை அறுத்துக் கொடுத்தார். உலை கொதித்தது. ரேஷன் அரிசியே முகர்ந்து பழகியிருந்த ஜனம், அந்த வாசத்துக்கு வண்டிகளை விட்டிறங்கி வந்து சுற்றி நின்றது. அத்தை சோற்றை இலைகளில் பரப்பிப் புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு, வெல்லச்சோறு என்று பிசைந்துகொண்டே போனார். சாக்கு காலியாகும்வரை விடவில்லை. வந்து நின்றவர்கள் எல்லாருக்கும் ஒரு பிடி.

பிறகு பனையோலைப் பெட்டிகளில் சோற்றை அள்ளி வண்டியில் ஏற்றத் தொடங்கினார்கள். அப்போதுதான் ஏட்டையாவுக்கு விஷயம் உறைத்தது.

“ஏய், ஏய்! தின்னுட்டுப் போங்கன்னுதான சொன்னேன்?”

“தின்னுட்டுத்தான போறோம்.” அத்தை ஒரு பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். “மிச்சத்த என்ன செய்ய? ரோட்டுல கொட்டவா? கொட்டுன்னு உங்க வாயால சொல்லுங்க, கொட்டுதேன்.”

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஏட்டையாவின் வாயையே பார்த்தார்கள். பசித்த காலம். அந்த வார்த்தையைச் சொல்ல அவரால் முடியவில்லை. இளவயதுப் போலீஸ்காரர் மெதுவாக, “ஐயா, உத்தரவுல அரிசின்னுதான் இருக்கு, சோறுன்னு இல்ல” என்றார். அவர் வாயில் வெல்லச்சோறு இருந்தது.

அத்தை ஏட்டையாவுக்கும் ஒரு இலை வைத்தார். அவர் திரும்பி நின்றே சாப்பிட்டார். கடைசியில், “புளிச்சோத்துல உப்பு தூக்கல்” என்று சொல்லிவிட்டு மூங்கிலைத் தூக்கச் சொன்னார்.

புறப்படும்போது அம்மா அந்த அடுப்புக் கூட்டிய மனிதரிடம், “அண்ணாச்சி, நீங்களும் ராஜபாளையந்தான? வண்டில ஏறுங்க, ஆட்டப் பின்னால கட்டிக்கிடலாம்” என்றாள்.

“நீங்க போங்க தாயி. எனக்கு ஸ்டேசன்ல இருந்து ஆள் வரணும்.”

“நீங்களும் அரிசி கொண்டாந்தியளா?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் கொண்டாரல தாயி” என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அத்தை, சட்டம் பேசிய அதே அத்தை, ஒன்றும் பேசாமல் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

பொழுது சாய்வதற்குள் ராஜபாளையம் போய்விட்டோம். அக்காவின் மாமியார் பெட்டியைத் திறந்து முகர்ந்து, “என்ன, புகைவாடை அடிக்கி?” என்றார். அத்தை நடந்ததைச் சொல்லச் சொல்ல, அந்த மாமியாரே தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “போதும் அத்தை, வலிக்கி” என்றாள். அப்புறம் பிறந்த பெண்ணுக்கு என்னவோ நல்ல பெயராகத்தான் வைத்தார்கள். வீட்டில் வெகுகாலம் அவள் ‘பெர்மிட்டு’தான்.

மறுநாள் திரும்பும்போது அந்த மூன்று கல்லும் கரிபிடித்துக் கிடந்தன. அவரும் இல்லை, ஆடும் இல்லை. சந்தைக்குப் போயிருப்பார் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

அவர் ரேகைச் சட்டத்து ஊர்க்காரர், பிறந்த சாதிக்காகவே ஸ்டேசனில் பெருவிரல் பதிக்க வேண்டியவர், போலீஸ் கொடுக்கும் சீட்டு இல்லாமல் பக்கத்து ஊருக்குக்கூட நகர முடியாதவர் என்பதெல்லாம் நான் கல்யாணமாகி வந்த பிறகு தெரிந்துகொண்டது. அந்தச் சட்டத்தையும் அதற்குள் எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு என் சின்ன மண்டைக்கு எட்டாதது ஒன்றுதான்: அரிசி வைத்திருந்த எங்களை விட்டுவிட்டு, ஒன்றுமே வைத்திராத அவரை ஏன் உட்கார வைத்திருந்தார்கள்?

நான் எழுதியதில் தப்பு இருக்கும். தடுப்பு மடவார் வளாகத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, பெர்மிட் கொடுத்தது தாலுகா ஆபீசா வேறு ஆபீசா, விவரம் தெரிந்தவர்கள் சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். அந்தக் காலத்து மனிதர்கள் யாரேனும் இருந்தால், ஆட்டோடு வந்தவர் அன்றைக்குச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தாரா என்பதையும் கொஞ்சம் விசாரித்துச் சொல்லுங்கள்.