நியூட்டனில் மூடிய கதவு

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நியூட்டன் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் நடந்தது இது. பிள்ளைகள் சிங்கப்பூருக்கு வந்து அப்போது நான்கே நாள்.

நானும் கணவரும் வருடக்கணக்கில் காத்திருந்து, கேட்ட காகிதத்தையெல்லாம் கொடுத்து, தமிழ்நாட்டில் ஒரு காப்பகத்திலிருந்து அக்காவையும் தம்பியையும் தத்தெடுத்தோம். அவளுக்கு ஐந்து வயது, அவனுக்கு மூன்று. விமானத்தில் தம்பியின் சட்டையைப் பிடித்தவள், ஈசூனில் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் விடவில்லை. என்னை 'ஆன்ட்டி' என்றுதான் கூப்பிட்டாள்.

அன்று கணவருக்கு வேலை. "தனியா ரெண்டையும் கூட்டிட்டுப் போகாத லா, அடுத்த வாரம் சேர்ந்து போலாம்" என்றார். நான் என்றைக்கு யார் பேச்சைக் கேட்டேன்? லிட்டில் இந்தியாவுக்குக் கூட்டிப்போய் இருவருக்கும் துணி வாங்கி, தோசை வாங்கிக் கொடுத்துத் திரும்பினேன். நியூட்டனில் ரயில் மாற வேண்டும். நல்ல கூட்டம். கதவு திறந்ததும் பிள்ளைகளை முன்னால் ஏற்றினேன். அந்த நேரம் பார்த்து என் கையிலிருந்த பை அறுந்து துணியெல்லாம் கீழே கொட்டியது. குனிந்து இரண்டு சட்டையைத்தான் எடுத்திருப்பேன். நிமிர்ந்தால் கதவு மூடிவிட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முகம் தெரிந்தது. அழவில்லை. தம்பியை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். ரயில் போய்விட்டது.

எனக்குக் கத்தக்கூட வரவில்லை. அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. வீட்டு முகவரி தெரியாது, என் ஃபோன் நம்பர் தெரியாது. எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதே தெரியுமோ என்னவோ. யாராவது கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிப்போனால்? போலீஸ் வந்து கேட்டால் என்னைத் தெரியும் என்றாவது சொல்வாளா? அடுத்த வாரம் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க அதிகாரி வேறு வருகிறார். நான்கு நாளில் தொலைத்தவளை நம்பி யார் பிள்ளைகளை விட்டுவைப்பார்கள்?

நிலைய ஊழியர் ஒருவர், மலாய்க்காரர், என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். பெயர் கேட்டார், சட்டை நிறம் கேட்டார். சொன்னேன். ஃபோனில் படம் இருந்தது, அதைக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் அடுத்தடுத்த நிலையங்களுக்குத் தகவல் சொன்னார். அடுத்த நிலையமான நொவீனாவை ரயில் அதற்குள் தாண்டியிருந்தது. அதற்கடுத்த தோ பாயோவில் ஓர் ஊழியர் உள்ளே ஏறி, மஞ்சள் கவுன் போட்ட ஒரு சிறுமியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம். அவள் இல்லை என்று தலையாட்டினாளாம். பக்கத்தில் வயதான இந்தியத் தம்பதி உட்கார்ந்திருந்ததால் அவர்களோடு வந்த பிள்ளைகள் என்று நினைத்து இறங்கிவிட்டாராம். ரயில் மறுபடியும் கிளம்பிவிட்டது.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். நான் சொன்ன பெயர் நான் வைத்த பெயர். எண் கணிதம் பார்ப்பவரிடம் கேட்டு, எழுத்துக் கூட்டி, பாஸ்போர்ட்டிலும் அதையே போட வைத்தேன். "அவ பழைய பேரே நல்லாத்தானே இருக்கு" என்று கணவர் சொன்னதையும் கேட்கவில்லை. பழைய பெயரைச் சொன்னால் பழசெல்லாம் ஞாபகம் வரும் என்று, வந்த நாளிலிருந்து 'செல்லம்', 'கண்ணு' என்றே ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன்; புதுப் பெயரை அவளுக்கு இன்னும் சொல்லிப் பழக்கவில்லை.

ஊழியரின் கையைப் பிடித்துக்கொண்டு அவளுடைய பழைய பெயரைச் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். அவர் உடனே அந்தப் பெயரை அடுத்த நிலையங்களுக்குச் சொன்னார்.

பீஷானில் ரயிலை நிறுத்தி வைத்திருந்தார்கள். அங்கே வேலையில் இருந்தவர் ஒரு தமிழ்ப் பெண். ஃபோனில் என்னிடம், "பழைய பேரச் சொன்னதும் நிமிந்து பாத்துச்சு லா. ஆனா இறங்க மாட்டேங்குது. நீங்களே பேசுங்க" என்று ஃபோனை அவள் காதில் வைத்தார்.

அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நான் அதைச் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"ஆன்ட்டி, நீங்க ஏன் ஏறல?" என்றாள்.

நான் பீஷானுக்குப் போய்ச் சேர்ந்தபோது இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கை அப்போதும் தம்பியின் சட்டையில்தான் இருந்தது. கட்டிக்கொண்டு அழுதேன். அவள் என்னைச் சமாதானப்படுத்துவதுபோல, "யாரோ வேற பேரு சொல்லி வாவான்னாங்க. காப்பகத்துல எங்க மிஸ் சொல்லியிருக்காங்க, நம்ம பேரு தெரியாதவங்க கூப்பிட்டா போகக் கூடாதுன்னு. நான் போகல, தம்பியையும் விடல" என்றாள்.

பள்ளியில் சேர்ப்பதற்கு முன்பே வழக்கறிஞரிடம் போய் அவள் பெயரையும் தம்பியின் பெயரையும் பழையபடி மாற்றி எழுதி வாங்கினோம். 'அம்மா' என்று கூப்பிட அவளுக்கு இன்னும் ஏழெட்டு மாதம் ஆனது. இப்போது நன்றாகச் சண்டையும் போடுகிறாள். ஆனாலும், நான் ஆசைப்பட்டபடி அந்த நான்கு நாளில் அவள் தன் பெயரை மறந்திருந்தால், அன்று ரயிலில் யார் எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தாலும் தம்பியையும் கூட்டிக்கொண்டு போயிருப்பாளே என்ற நினைப்பு இன்றைக்கும் என்னை விடவில்லை.