பீலித் தண்ணீரும் அண்ணனின் நீராவி வண்டியும்

எங்கள் அண்ணன் இறைவனடி சேர்ந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி உறவினர்கள் கேட்டார்கள். நல்லவர், உழைப்பாளி என்று எழுதி முடித்துவிடலாம்; அதில் பொய் இல்லை. ஆனால் அவர் மனத்தை அரித்துக்கொண்டிருந்ததை விட்டுவிட்டால் அது அண்ணனைப் பற்றிய கட்டுரையாக இராது.

அண்ணன் திருச்சிச் சீமையில் பிறந்தவர். மழை பொய்த்த ஒரு வருடம் அப்பா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு கடல் தாண்டி, காட்டு வழியே நடந்து, இலங்கையின் நமுனுகுல மலையடித் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார். வந்த கொஞ்ச காலத்திலேயே அவர் காய்ச்சலில் போய்விட்டார். அண்ணன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி என்னைப் படிக்க வைத்தார். இன்று நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருப்பது அந்தக் கூலியில்தான்.

அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். தேயிலைப் பெட்டிகளை அங்கே கொண்டுபோக, மாடு பூட்டாமல் தானே ஓடும் நீராவி வண்டி ஒன்றைத் துரை வரவழைத்தார். அண்ணன் அதன் ஓட்டுநர் ஆனார். ஓட்டுவது சுலபம், பார்த்துக்கொள்வதுதான் பாடு என்பார். கொதிகலத்தில் தண்ணீர் நிரப்பி, கண்ணாடிக் குழாயில் மட்டம் பார்த்த பிறகே நெருப்பு மூட்டுவார். உராயும் இடமெல்லாம் எண்ணெய் விடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் கொதிகலத்தின் அடியில் படிந்த சேற்றைக் கழுவி எடுப்பார்.

"ஒங்க வீட்டுக்காரருக்கு அந்த வண்டிதான் மூத்த சம்சாரம்" என்று லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் அண்ணியைக் கேலி செய்வார்கள்.

"ஆமாங்க. எனக்கு எண்ணெ வாங்க மறப்பாரு, அதுக்கு மறக்க மாட்டாரு" என்பார் அண்ணி.

அந்த வண்டிக்குத் தெளிந்த தண்ணீர்தான் ஆகும். கலங்கல் தண்ணீர் ஊற்றினால் சேறு படிந்து தகடு வெந்து, கொதிகலம் வெடித்தாலும் வெடிக்கும். ஒரு வருடம் கச்சான் காற்றில் மலையே காய்ந்துபோனது. ஊற்றுத் தண்ணீரை லயத்துக்குக் கொண்டுவரும் பீலிக் குழாய் நூலாக ஒழுகியது. அந்தத் தண்ணீர் முதலில் வண்டிக்கு, மிச்சம்தான் லயத்துக்கு என்று உத்தரவு வந்தது.

அண்ணன் பெரிய கங்காணியிடம் போய் நின்றார். "ஐயா, லயத்துல சின்னப் புள்ளைங்க இருக்குங்க. மிச்சத்துல எப்படிங்க ஓடும்?"

"வண்டி நின்னா ஒன் வேலையும் நிக்கும். பாத்துக்க."

அண்ணன் வாளியை எடுத்தார். லயத்தார் கீழே ஓடைக் குட்டையில் மொண்டு குடித்தார்கள். வயிற்றுக்கடுப்பு பரவியது. சில வீடுகளில் பிள்ளைகள் போனார்கள். என் மூத்த மகனும் போனான்.

அண்ணன் என் வீட்டு வாசலோடு நின்றுவிட்டார். "தம்பி, அவன் பங்குத் தண்ணிய நான் வண்டிக்கு ஊத்திட்டேன்" என்றார். உங்கள் பிழையில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அந்த வண்டிச் சம்பளத்தில் என் வீட்டு அடுப்பும் எரிந்தது என்பது எனக்குத் தெரியாதா?

மழை வந்து பீலி பெருகிய பிறகும், விடிந்ததும் எங்கள் வீட்டுக் குடத்தை நிரப்பி வைத்துவிட்டுத்தான் அண்ணன் வண்டியைத் தொடுவார். தோட்டத்துக்கு லொறி வந்து, நீராவி வண்டி துருப்பிடித்து மூலையில் நின்றது. குடம் சுமப்பது மட்டும் நிற்கவில்லை. தலை நரைத்தும் அவர் சுமந்தார். போதும் அண்ணே என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை.

கடைசியில் மார்ச்சளி கண்டு படுத்தார். நினைவு தடுமாறியது. அண்ணி தண்ணீர் கொடுத்தால் உதட்டை இறுக்கிக்கொண்டு, "மொதல்ல லயத்துக்கு ஊத்துங்க" என்பார். இரண்டு நாளாக ஒரு சொட்டும் இறங்கவில்லை. நான் கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன்.

"அண்ணே, லயத்துக்கெல்லாம் ஊத்தியாச்சு. நம்ம புள்ளையும் குடிச்சிட்டான். நீங்க குடிங்க."

அண்ணன் வாய் திறந்தார்.

பதுளையிலிருந்து மழையில் மருந்து கொண்டுவந்த கடை முதலாளிக்கும், பாடை கட்டிய தோழர்களுக்கும், இம்மலரை அச்சிட உதவிய உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. அண்ணன் படுத்திருந்த நாட்களில் எங்கள் வாசலில் தினமும் பீலித் தண்ணீர் கொண்டுவந்து வைத்த லயத்துப் பெண்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. மலை காய்ந்த அந்த வருடம் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளிலிருந்தும் குடம் வந்தது. அண்ணன் கடைசியாகக் குடித்தது நீங்கள் கொடுத்த தண்ணீர்.