கிழித்த வயிற்றுக் கட்டு

இந்த மலையாள ஊரில் 'சாப்பிட்டாயா' என்பதற்கு முன்னால் 'குளிச்சோ', குளித்தாயா, என்றுதான் கேட்பார்கள். திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு அது வேடிக்கை. பிரசவமான மறுநாளும் அதே கேள்விதான். கேட்டவள் நாணியம்மை, பழவங்காடிப் பக்கத்தில் பேறு பார்க்கிறவள். ஒரு கையில் இலை போட்டுக் காய்ச்சிய வெந்நீர்; மறு கையில் என் வயிற்றை இறுக்கிக் கட்ட நீளமான முண்டுத் துணி.

ஒன்பதாம் மாசம் வளைகாப்பிட்டு அம்மா அழைத்துப் போவதாக ஏற்பாடு. எட்டாம் மாசமே பிறந்துவிட்டான். 'எட்டாம் மாசப் பிள்ளை தங்காது' என்று கேட்டு வளர்ந்தவள் நான். பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பாடமும் படித்தவள். சூடுதான் உயிர் என்று அதில் இருந்தது. நாணியம்மையின் முண்டை இரண்டாகக் கிழித்து, பஞ்சு வைத்து அவனைச் சுற்றினேன். சுற்றிலும் வெந்நீர்ப் புட்டிகள். ஆறினால் மாற்ற வேண்டும். வீட்டுக்காரர் சர்க்கார் கச்சேரி வேலைக்குப் போய்விடுவார். மூன்றாம் நாளே எழுந்து குடத்தோடு கிணற்றடிக்கும் அடுப்படிக்கும் நடந்தேன்.

"கொச்சினெ ஞான் நோக்காம். நீ கிடக்கு மோளே" என்றாள் நாணியம்மை. பிள்ளையை அவள் பார்த்துக்கொள்வாளாம், நான் படுக்க வேண்டுமாம். படிக்காதவளை நம்பிப் பிள்ளையை விட்டுவிட்டுப் படுப்பதா? நாற்பது நாள் படுக்கை முழுப்பிள்ளை பெற்றவளுக்குத்தான், எனக்கு வயிறே சரியாகத் தெரியவில்லையே என்று வேறு வாதாடினேன்.

பிள்ளை தங்கிவிட்டான். ஐந்து மாசம் கழித்து ஒருநாள் குடத்தைத் தூக்கும்போது எனக்குள் ஏதோ நழுவிக் கீழே வந்து நின்றது. கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது என்று லேடி டாக்டர் ரப்பர் வளையம் ஒன்றை உள்ளே பொருத்தினார். பெற்றபின் எத்தனை நாள் படுத்திருந்தாய் என்றார். இரண்டு நாள் என்றேன், அப்போதும் கொஞ்சம் பெருமையாக. இனி பாரம் தூக்கக் கூடாதாம்.

"இவனை?" என்று கேட்டேன்.

"அவனையும்தான்."

என்னைப் போல் வந்த இடத்தில் தனியே பெறுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்ல நினைத்தேன். பிள்ளை குறைமாசமானாலும் உடம்புக்கு அது முழுப்பேறுதான். படுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையை யாராவது ஒரு நாணியம்மையிடம் கொடுங்கள். எனக்கு இந்தப் புத்தி இனி எதற்கு?

அம்மா கடிதம் போட்டிருக்கிறாள். தலைப்பிள்ளையைப் பெற்றவளே இடுப்பில் ஏந்திப் பிறந்த வீட்டு வாசற்படி தாண்ட வேண்டுமாம். ஆரத்திக்கு நாள் பார்த்தாயிற்றாம். இங்கே தம்பானூர் ஸ்டேஷனில் ரயிலேறினால் போதும். பதில் எழுதவில்லை.

இன்றும் நாணியம்மை வந்து, குளிச்சோ என்று கேட்டு, அவனைத் தூக்கிக்கொண்டாள். அவள் தோளிலிருந்து என்னை நோக்கி இரண்டு கையையும் நீட்டினான். நான் மெல்ல உட்கார்ந்து மடியை விரிப்பதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கிழித்த முண்டில் ஒரு பாதி அவள் தோளில், அவன் கன்னத்துக்கு அடியில் கிடக்கிறது. மறு பாதியை நான் இப்போது வயிற்றில் கட்டிப் பார்க்கிறேன். இறுக்கிக் கட்டும் அளவுக்குச் சுற்று எட்டவில்லை.