வலி: இல்லை

தீக்காய வார்டுக்கு யார் வந்தாலும் அங்கே இருக்கும் நர்ஸ் முதலில் பெயரைக் கேட்கமாட்டாள், எப்படி ஆயிற்று என்றும் கேட்கமாட்டாள். காயத்தின் ஓரத்தில் ஊசியை மெல்ல வைத்து, "வலிக்குதா?" என்பாள்.

"ஐயோ, அம்மா!" என்று கத்தினால் அவள் முகம் மலர்ந்துவிடும். "கத்துங்க, நல்லா கத்துங்க. பிழைச்சுக்குவீங்க" என்பாள். புதிதாக வருகிறவர்கள், இவள் என்ன பொம்பளையா ராட்சசியா என்று திகைத்துப் போவார்கள். வலிக்கவில்லை என்று யாராவது சொன்னால்தான் அவள் ஓடிப்போய்க் கட்டிலைத் தயார் செய்வாள். தீ ஆழமாக இறங்கி, உணர்ச்சியையே தின்றுவிட்டது என்று பொருள். வலிக்காதவருக்கே முதல் கட்டில் என்பது அந்த வார்டின் விதி. வந்தவர் எல்லாருடைய விவரமும் பேரேட்டில் ஏறும்: எண், தொழில், வயது, தெரு, காரணம், வலி உண்டா இல்லையா. இருபத்தாறு வருடமாக அந்தப் பேரேட்டில் இருப்பது அவள் கையெழுத்துதான். காயங்களுக்குக் கட்டுப் போடுகிறவள் என்பதால் ஊருக்கே அவள் கட்டுக்கார அக்கா. சொந்தப் பெயரை அவளே மறந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

அந்த ஊருக்கு வடக்கே ஒரு மலை, தெற்கே ஒரு மலை. வடக்கு மலையில் டிராகன். தெற்கு மலையில் சாமிகள். டிராகன் கூப்பிடாமலேயே வரும். சாமிகள் கூப்பிட்டால்தான் வருவார்கள். மனிதர்கள் காரியத்தில் மூக்கை நுழைப்பதில்லை என்று அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தமாம். அதை மனிதர்களிடம் கேட்டா போட்டார்கள்? ஊரில் பாதி வீடுகளுக்கு மேல் விண்ணப்பத்தில் கைரேகை வைத்து, மணிக்கூண்டின் பெரிய மணியை அடித்தால், ஒரு சாமி இறங்கி வந்து டிராகனைக் கொன்றுவிட்டுப் போகும். பதினைந்து வருடத்துக்கு முன்னால் அப்படி ஒருமுறை நடந்தது.

அன்று சாமி நின்ற இடத்தில் வெயிலைவிடப் பெரிய வெளிச்சம். அரை மணி நேரத்தில் டிராகன் செத்து விழுந்தது. ஊரே தெருவில் நின்று கும்பிட்டது. வெளிச்சம் பட்டவர்கள் உடம்பில் சுண்ணாம்பு பூசிய மாதிரி வெள்ளைத் திட்டுகள். தோல் கிழியவில்லை, கொப்புளம் இல்லை. "குளுகுளுன்னு இருந்துச்சுக்கா, சாமி தொட்டுச்சு" என்று சிரித்துக்கொண்டு வார்டுக்கு வந்து காட்டினார்கள். அவள் ஊசியை வைத்தாள். எவருக்கும் வலிக்கவில்லை. விதிப்படி அத்தனை பேருக்கும் கட்டில் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் கட்டில்களில் டிராகன் தீயில் வெந்தவர்கள் அலறிக்கொண்டு கிடந்தார்கள். இவர்களோ சிரிக்கிறார்கள், பசிக்கிறது என்கிறார்கள். "வலி: இல்லை" என்று எழுதி, வீட்டுக்குப் போங்க என்று அனுப்பிவிட்டாள். அனுப்பியவர்களில் அவள் புருஷனும் ஒருவர். பூட்டு ரிப்பேர் செய்கிறவர், தமாஷ் பேர்வழி.

மூன்றாம் நாள் காலை அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தார். சொல்லி முடிக்கவில்லை. அந்தப் பகலுக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அப்படியே போனார்கள்.

பெரிய டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "காரணம்ங்கிற இடத்துல சாமின்னு எழுதினா ஊரே ரெண்டுபட்டுடும்மா. டிராகன்னு போட்டுடு."

அவள் பேனாவை எடுத்தாள். டாக்டருக்குப் பயந்து என்று சொல்லலாம்தான். உண்மை அதுவல்ல. விதியை மீறி அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பியது அவள். டிராகன் என்று எழுதிவிட்டால் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். தன் புருஷன் வரியில் தொடங்கி இருநூற்றுப் பன்னிரண்டு முறை அந்தச் சொல்லை எழுதினாள். அன்றிலிருந்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் வார்டுக்குப் போய்வந்தாள்.

இந்த வருடம் புதிய டிராகன் ஒன்று வந்தது. முதலில் ஆடு, மாடு. பிறகு செங்கல் சூளை. அவள் மகனுக்கு இப்போது இருபத்துநாலு வயது, வலைக்காரன். நீர்த்தொட்டிக் கோபுரத்தின் உச்சியில் வலைக்காரர்கள் பதினெட்டுப் பேர் காவல் நிற்பார்கள். இரும்பு வலையை வீசி, டிராகனின் இறக்கையைச் சிக்கவைத்து, குழாயால் தண்ணீரைப் பீய்ச்சி அதன் வாயை அடைப்பது அவர்கள் வேலை. இரண்டு முறை விரட்டிவிட்டார்கள். மூன்றாவது முறை வலை கிழிந்தது. ஊர் மன்றத்தில் விண்ணப்பத்தை விரித்துவிட்டார்கள்.

மன்றத்தில் எள் விழ இடமில்லை. அவள் கையைத் தூக்கிப் பேச அனுமதி கேட்டாள்.

"சாமி வேணாம்" என்றாள். "அது டிராகனைக் கொல்லும். கூடவே நம்மளையும் கொல்லும். போன தடவை செத்தவங்க டிராகன் தீயில சாகல. சாமி வெளிச்சத்துல செத்தாங்க."

கூட்டம் சலசலத்தது. தலைவர் கோபப்படவில்லை, பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து பழைய பேரேடு வந்தது. தலைவர் ஒரு பக்கத்தைத் திருப்பி அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இது யார் கையெழுத்தும்மா?"

"என்னோடதுதான்."

"காரணம்னு என்ன போட்டிருக்கு? சத்தமா படி."

"டிராகன்."

"இது?"

"டிராகன்."

"அப்ப பொய் சொன்னியா, இப்ப பொய் சொல்றியா?"

யாரோ சிரித்தார்கள். அப்போது செங்கல் சூளையில் வேலை செய்கிற ஒரு பெண் எழுந்தாள். போன வாரம் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் டிராகன் தூக்கிக்கொண்டு போயிருந்தது. அவள் கத்தவில்லை, அழவும் இல்லை.

"உன் புள்ள வலையோட நிக்கிறான், கையில ஒரு ஆயுதமாவது இருக்கு. என் புள்ளைங்க கையில மண்ணு உருண்டைதான்கா இருந்துச்சு. அவங்களுக்காக இறங்கி வராத சாமி அப்புறம் எதுக்கு மலை மேல உட்கார்ந்திருக்கு?"

கட்டுக்கார அக்கா தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தாள். சாயங்காலத்துக்குள் பாதிக்கு மேல் கைரேகை விழுந்துவிட்டது. டிராகன் தலை காட்டியதும் மணி அடிப்பது, சாமி வந்து சேரும்வரை வலைக்காரர்கள் கோபுரத்தைவிட்டு இறங்காமல் அதைத் தடுத்து நிறுத்துவது என்று முடிவாயிற்று.

மறுநாள் மகன் வேலைக்குக் கிளம்பும் முன் சாப்பிட உட்கார்ந்தான். அவள் பரிமாறிக்கொண்டே சொன்னாள். அவனிடம் அவள் எதையும் மறைத்ததில்லை. அப்பா எப்படிச் செத்தார், யார் வீட்டுக்கு அனுப்பியது, யார் பொய் எழுதியது எல்லாம் அவனுக்குத் தெரியும்.

"அன்னிக்கு வெளிச்சம் பட்ட தெருவுல ஒரே ஒரு ஆள் தப்பிச்சார்டா. சலவைக்காரர். இரும்புத் தொட்டிக்குள்ள விழுந்துட்டார், மூடி தானா விழுந்து மூடிக்கிச்சு. தண்ணியும் இரும்பும் சேர்ந்தா அந்த வெளிச்சம் உள்ள வராது. மணி அடிச்சதும் உங்க கோபுரத் தொட்டிக்குள்ள இறங்கிடணும். மூடியை இறுக்கி மூடிக்கணும். சத்தியம் பண்ணு."

"உன் தலைமேல சத்தியம்."

"என் தலை எதுக்குடா? உன் தலைமேல பண்ணு."

"சரி, ரெண்டு தலைமேலயும்." சிரித்தான். பிறகு ஒரு கணம் அவன் கை தட்டிலேயே நின்றது. "அந்த மூடி..." என்று ஏதோ ஆரம்பித்தவன், "இன்னும் கொஞ்சம் போடும்மா" என்று தட்டை நீட்டினான். அவளும் போட்டாள். மூடிக்கு என்ன என்று கேட்கவில்லை. பிள்ளை கேட்டுக்கொண்டானே என்ற நிம்மதி அவளுக்கு.

மூன்று மணிக்கு மணி அடித்தது. அவள் வார்டின் சன்னல்களை எல்லாம் அடைத்து, நோயாளிகளைக் கட்டிலுக்கு அடியில் படுக்கவைத்து, ஈரப் போர்வையால் மூடினாள். தெருவில் ஜனங்கள் சாமியைப் பார்க்கக் குழந்தைகளைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு நின்றார்கள். "உள்ள போங்க, உள்ள போங்க" என்று வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெளிச்சம் இறங்கும் முன் தானும் உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அரை மணி நேரம். அவ்வளவுதான். டிராகன் ஆற்றங்கரையில் செத்துக் கிடந்தது. ஊர் ஆனந்தக் கூத்தாடியது.

மகன் நடந்தே வந்தான். பின்னால் பதினேழு பேர், தலையிலிருந்து கால்வரை நனைந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வந்தார்கள். அவன் மட்டும் நனையவில்லை. கழுத்திலிருந்து இடுப்புவரை வெள்ளை.

இருபத்தாறு வருடப் பழக்கம், கை தானாக ஊசியை எடுத்தது. தோளில் குத்தினாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். இன்னொரு இடத்தில் குத்தினாள். இன்னும் கொஞ்சம் ஆழமாக, ரத்தம் வரும்வரை.

"வலிக்குதாடா? வலிக்குதுன்னு சொல்லுடா!"

"இல்லம்மா."

"சத்தியம் பண்ணினியேடா, பாவி! தொட்டிக்குள்ள இறங்குன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே!"

"எல்லாரையும் இறக்கினேன். முதல்ல நம்ப மாட்டேன்னாங்க. எங்க அம்மா பொய் எழுதினவதான், ஆனா எங்கிட்ட பொய் சொன்னதில்லைன்னு சொன்னேன். இறங்கிட்டாங்க." அவளுடைய கையிலிருந்த ஊசியை மெல்ல வாங்கி மேசைமேல் வைத்தான். "அந்த மூடிக்கு நாலு திருகும்மா. நாலும் வெளியிலதான் இருக்கு. வெளியில நின்னு யார் திருகுறதுன்னு நீ சொல்லவே இல்லையே."

அவள் அவனைக் கட்டிக்கொண்டு கதறினாள். அவன் உடம்பு குளிர்ந்திருந்தது.

அன்று இரவுக்குள் முந்நூறு பேருக்கு மேல் சிரித்துக்கொண்டே வந்தார்கள். இந்த முறை அவள் ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. கட்டில் தீர்ந்ததும் பாய் விரித்தாள், பாய் தீர்ந்ததும் கதவுகளைக் கழற்றிப் போட்டாள். பெரிய டாக்டர் தனக்குத் தெரிந்த மருந்தை எல்லாம் போட்டுப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் காலை மகன் பழைய பேரேட்டைக் கேட்டான். மன்றத்திலிருந்து திரும்பி வந்து அலமாரியில் கிடந்தது. மடியில் வைத்துப் புரட்டியவன் ஓர் இடத்தில் நின்றான்.

"அம்மா, இங்க பாரு. காரணம்தான் பொய். பக்கத்துல 'வலி: இல்லை'ன்னு உண்மையையும் நீயே எழுதியிருக்க. டிராகன் தீன்னா ஒருத்தனாவது கத்தியிருக்க மாட்டானா? மன்றத்துல ஒரே ஒரு கட்டம் தள்ளிப் படிக்க யாருக்கும் தோணல. உனக்குமா தோணல?"

அவளுக்கும் தோன்றியதில்லை. பதினைந்து வருடமாக அந்தப் பக்கங்களைத் திறந்து பார்க்கவே அவளுக்குத் துணிச்சல் இல்லை.

"பேனா எடு. நான் படிக்கிறேன், நீ திருத்து."

அப்படித்தான் ஆரம்பித்தார்கள். அவன் கட்டிலில் சாய்ந்தபடி படிப்பான். அவள் 'டிராகன்' என்பதை அடித்துவிட்டு 'சாமி' என்று எழுதி, ஓரத்தில் கையெழுத்துப் போடுவாள். நடுவில் எழுந்துபோய் மற்றவர்களைப் பார்த்துவிட்டு வருவாள்.

"எண் ஒண்ணு. பூட்டு ரிப்பேர். முப்பத்தெட்டு வயசு. காரணம் டிராகன். வலி இல்லை." அவன் குரல் மாறவில்லை. "எழுதிட்டியா? அடுத்தது."

பெரிய டாக்டர் பதறிப்போய் ஓடிவந்தார். "அது அரசாங்கப் பேரேடும்மா. நீ பாட்டுக்கு அடிச்சுத் திருத்தினா எப்படி?"

"எழுதினவ நான்தானே டாக்டர்? நானே திருத்துறேன். என்ன செய்யணுமோ அப்புறம் செஞ்சுக்குங்க."

அவர் தானே ஒரு மைப்புட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

அவனுக்குப் பசித்தது, சாப்பிட்டான். அப்பாவுடைய பழைய தமாஷ் ஒன்றைச் சொல்லி அவளைச் சிரிக்கவைக்கப் பார்த்தான். மூன்றாம் நாள் விடிந்தபோது நூற்றெழுபதைத் தாண்டியிருந்தார்கள். எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று வேகமாகப் படித்தான். முடிக்காமல் இருந்தால் தேவலை என்று அவள் மெதுவாக எழுதினாள். ஒரு சொல்லை எழுத ஒரு யுகம் எடுத்துக்கொண்டால் அந்த நாள் நகராமல் நின்றுவிடும் என்பதுபோல.

"எண் நூத்தி எண்பத்தெட்டு. தையல்காரி. மணிக்கூண்டுத் தெரு. காரணம்..."

அவள் காத்திருந்தாள். பிறகு பேரேட்டை அவன் மடியிலிருந்து எடுத்தாள். வார்டில் ஒவ்வொரு கட்டிலாகச் சிரிப்பு அடங்கிக்கொண்டு வந்தது.

அந்த வரியையும் மீதி இருபத்துநாலையும் அவளே வாய்விட்டுப் படித்து அவளே திருத்தினாள். அதற்குப் பிறகுதான் புதிய பேரேட்டைத் திறந்தாள். வலைக்காரன். இருபத்துநாலு வயது. காரணம்: சாமி. வலி: இல்லை.

நிமிர்ந்து பார்த்தபோது வாசலில் அந்தப் பதினேழு பேரும் நின்றிருந்தார்கள். மூன்று நாளாக ஆஸ்பத்திரியைச் சுற்றிச் சுற்றி வந்தார்களாம், அவள் முகத்தில் விழிக்கத் தைரியம் இல்லாமல். எதற்குச் சாட்சி சொல்ல வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வருகிறோம் என்றார்கள். அவள் பேரேட்டை நீட்டினாள். ஒவ்வொருவராக வந்து மகனுடைய வரிக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

கடைசியாக வந்தவன் இடக்கையால் போட்டான். வலக்கையைத் துண்டுக்குள் மறைத்திருந்தான். அவள் துண்டை விலக்கினாள். வெளிச்சம் பட்டுக் கொதித்த இரும்பில், தொட்டிக்குள்ளிருந்து மூடி நழுவாமல் முட்டுக் கொடுத்த கை. உள்ளங்கை முழுக்கக் கொப்புளம் வெடித்துச் சீழ் கோத்திருந்தது. காட்ட வெட்கப்பட்டு மூன்று நாளாகப் பொறுத்திருக்கிறான்.

மேசைமேல் மகன் வைத்த இடத்திலேயே ஊசி இருந்தது. எடுத்துத் துடைத்தாள். காயத்தின் ஓரத்தில் வைத்தாள்.

"வலிக்குதா?"

"வலிக்குதுக்கா" என்று அவன் குழந்தைபோல ஓவென்று அழுதான். "ரொம்ப வலிக்குதுக்கா."

"கத்து" என்றாள். "நல்லா கத்து." அவனைப் பக்கத்துக் கட்டிலில் உட்காரவைத்து, வெந்நீர் கொண்டுவரச் சொல்லி, கட்டுத்துணியைக் கிழிக்க ஆரம்பித்தாள்.