வெயிலுமுத்துவுக்காக

பேராச்சிக்கு எழுதத் தெரிந்தது மொத்தம் இரண்டே சொல். தாராவியில் விறகுக்கடை வைத்திருந்த அவள் புருஷன், யுத்த சமயத்தில் கப்பலில் கரி அள்ளிப்போடும் வேலைக்குப் புறப்பட்டான். கடை லைசென்ஸ் அவன் பேரில் இருந்தது. அவனுக்குப் பதிலாக அவள் கையெழுத்துப் போடலாம் என்று பவர் பத்திரம் எழுதிவைத்தான். கைநாட்டு வைத்தால் ஆபீஸில் ஒருத்தனும் மதிக்கமாட்டான் என்று, கடைக் கதவில் கரித்துண்டால் 'வெயிலுமுத்துவுக்காக பேராச்சி' என்று எழுதிக் காட்டினான். அதைப் பார்த்துப் பார்த்து வரைந்துதான் அவள் பழகினாள்.

போனவன் போனவன்தான். நாற்பத்திரண்டில் ஒரு கார்டு வந்தது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், புருஷன் பேரை அவள் வாயால் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. கை மட்டும் கூச்சமில்லாமல் லைசென்ஸ் காகிதத்திலும் விறகு வாங்கும் மண்டிச் சீட்டிலும் எழுதிக்கொண்டே இருந்தது. எழுதி முடித்ததும், ஆள் எங்கேயோ இருக்கிறான் என்று ஒரு தெம்பு வரும். அந்தத் தெம்பில்தான் மறுநாள் விறகு பிளப்பாள்.

நாற்பத்தொன்பதில் லைசென்ஸ் ஆபீஸில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் லைசென்ஸை அவள் பேருக்கு மாற்றவேண்டும். இல்லாவிட்டால் கடையை மூடவேண்டும். மாட்டுங்காவில் வக்கீல் குமாஸ்தா வெங்கடேஸ்வரனிடம் போனாள். அவர் நாற்காலியைக் காட்டியும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவு அலுப்பு.

"இதோ பாரும்மா, ஒருத்தருக்காகக் கையெழுத்துப் போடறதெல்லாம் அவர் உசிரோட இருக்கற வரைக்கும்தான். ஏழு வருஷமாத் தகவலே இல்லேன்னா, இறந்துட்டதாச் சட்டம் எடுத்துக்கும். நீ அப்படிச் சத்தியம் பண்ணி எழுதிக்கொடுத்தா லைசென்ஸ் உன் பேருக்கு வந்துடும்."

"அவுக செத்ததை நான் பாக்கலியே சாமி."

"பார்த்தேன்னு நான் எழுதப்போறதில்லே. தகவல் இல்லேன்னுதான் எழுதப்போறேன்."



"கடை போச்சுன்னா கஞ்சிக்கு வழியில்ல. எழுதுங்க சாமி. எனக்கும் அலுத்துச் சடவா இருக்கு."

அவர் எழுதி, வாசித்துக் காட்டினார். "இதிலே உன் பேரை மட்டும் போடு" என்று பேனாவை நீட்டினார்.

குனிந்து, கையெழுத்துக்கென்று போட்டிருந்த கோட்டின் ஆரம்பத்தில் பேனாவை வைத்தாள். உடனே எடுத்துவிட்டாள். பாதிக் கோடு தள்ளி, வழக்கமாகத் தன் பேர் வரும் இடத்தில், 'பேராச்சி' என்று எழுதினாள்.

"முன்னாலே ஏன் இத்தனை இடம் விட்டே?"

"அது அவுக எடம் சாமி."

வெங்கடேஸ்வரன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பத்திரத்தில் காலி இடம் விட்டால் பின்னால் யாராவது எதையாவது எழுதிச் சேர்த்துவிடுவார்கள். பேனாவை வாங்கி அந்த இடத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

இத்தனை வருஷம் அழாதவள் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடை திறக்க நேரமாயிற்று என்று எழுந்தாள்.