போபால் வரை மூன்று பேர், பாடாலூர் வரை இரண்டு பேர்

மாலை நாலு பத்து. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில், பெரம்பலூர் தாண்டி, பாடாலூர் பெட்ரோல் பங்கின் கழிவறையிலிருந்து வெளியே வந்தேன். டயருக்குக் காற்றுப் பிடிக்கும் இடத்தில் நின்றிருந்த எங்கள் கார் அங்கே இல்லை. திருச்சிப் பக்கம் போகும் வண்டிகளுக்கு நடுவில் ஒரு வெள்ளைக் கூரை சின்னதாகிக்கொண்டிருந்தது. அது எங்களுடையதுதானா என்றுகூடத் தெரியவில்லை. போன், கைப்பை, மூக்குக்கண்ணாடி எல்லாம் பின்சீட்டில். என் கையில் கழுவிய ஈரம் மட்டும்தான் இருந்தது. மூவாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் சுற்றிவிட்டு, வீட்டுக்கு இன்னும் முப்பத்தைந்தே பாக்கி இருந்த இடம் அது.

கிளம்பியது அதற்கு எட்டு நாள் முன்பு, ஸ்ரீரங்கத்திலிருந்து, விடியற்காலை ஐந்து மணிக்கு. என் கணவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கிறார். கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்குப் பயணம் என்றால் பாஸும் ரயிலும்தான். எங்கள் ஒரே மகளுக்கு, வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம், கட்டடக்கலை படிக்க இடம் கிடைத்தது போபாலில். டவுன் பஸ் போகிற தூரத்தில் துவாக்குடியிலேயே அதே படிப்பு இருக்க, எங்கேயோ போபால். "ஒரு தடவையாவது ரயில் இல்லாம போலாம்ப்பா, நாலு ஊர் பாத்துட்டுப் போலாம்" என்றாள். அவள் கேட்டு அவர் மறுத்ததில்லை.

முன்சீட்டில் அவள், போனில் வழி பார்க்க. பின்சீட்டில் பெட்டி படுக்கையோடு நான். முசிறி, நாமக்கல், சேலம் வழியாகப் போய், பெங்களூருவைக் கடக்கவே இரண்டரை மணி நேரம் ஆயிற்று. இரவு அனந்தபூரில் அறை, ஆயிரத்து அறுநூறு ரூபாய். மறுநாள் கர்னூலில் துங்கபத்திரையைத் தாண்டி ஹைதராபாத். மூன்றாம் நாள் அதிலாபாத் பக்கம் தேக்கங்காடு, பிறகு பருத்திக் காட்டுக்கு நடுவே நாக்பூர். நான்காம் நாள் காலை பேதூலில் இருபது ரூபாய்க்கு ஒரு தட்டு அவல் உப்புமா. மேலே ஓமப்பொடி தூவித் தந்தார்கள். "அப்பா, இதுக்கு அம்மா பண்றதே தேவலாம்ல?" என்றாள். "உங்கம்மாகிட்டயே சொல்லு" என்றார் அவர். வழி முழுக்க இப்படித்தான். அவர் அவளிடம் பேசினார், நான் அவளிடம் பேசினேன். அதையே நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதாக இத்தனை வருடம் நினைத்திருக்கிறேன்.

போபால், தலைநகரம் என்றாலும் அவசரம் இல்லாத ஊர். ஏரிக்கரை ஓரமாகவே நெடுந்தூரம் சாலை போகிறது. கடைத்தெருவில் அவளுக்கு வாளி, மக், கொடிக்கயிறு வாங்கினோம், முந்நூற்று நாற்பது ரூபாய். விடுதி வாசலுக்கு மேல் பெற்றோருக்கு அனுமதி இல்லை. வாளிக்குள் தலையணையைத் திணித்துத் தூக்கிக்கொண்டு, இன்னொரு கையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். அவள் அழவில்லை. அவள் அழாதபோது நாங்கள் எப்படி அழுவது?

திரும்பும்போது நான் என் பழக்கத்தில் பின்கதவைத் திறந்து ஏறினேன். அவரும் முன்னால் வா என்று சொல்லவில்லை. காலியான முன்சீட்டில் தண்ணீர் பாட்டில் உருண்டுகொண்டே வந்தது. ஹைதராபாத்தில் மட்டும், "வந்த வழி வேணாம். விஜயவாடா, சென்னைன்னு போயிரலாம்" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கர்னூலையும் அனந்தபூரையும் அவள் இல்லாமல் பார்க்க எனக்கும் தெம்பில்லை. கிருஷ்ணா நதிக்கு அந்தப் பக்கம் அமராவதி, புதுத் தலைநகரம், வயல்களுக்கு நடுவே கிரேன்களாகத் தெரிந்தது. பாப்பா இருந்தால் வண்டியை நிறுத்தச் சொல்லியிருப்பாள். நெல்லூரில் "டீ?" என்றார். "ம்" என்றேன். இப்படிப் போக நினைப்பவர்கள் சுங்கத்துக்கு மட்டும் ஐயாயிரத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சுக்கு என்ன வைத்துக்கொள்வது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சென்னையில் ஓர் இரவு தங்கி, கடைசி நாள் காலை பத்தரைக்குக் கிளம்பினோம். விழுப்புரம் தாண்டியதும் போர்வையை இழுத்து மூடிப் படுத்துவிட்டேன். பாடாலூர் பங்கில் விழிப்பு வந்தது. போர்வையையும் தலையணையையும் அப்படியே குவித்துப் போட்டுவிட்டு இறங்கினேன். காற்றுப் பிடிப்பதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவர் அதைக் கவனிக்கவில்லை. அந்தக் குவியலை நான் என்று நினைத்துத்தான் வண்டியை எடுத்திருக்கிறார்.

பெட்ரோல் போடும் பெண் செல்வி முதலில் என்னிடம் வந்தாள். முப்பது வயதிருக்கும்.

"பஸ்ஸுக்கா நிக்கிறீங்கக்கா?"

"இல்லம்மா. என்னை விட்டுட்டுப் போயிட்டார்."

"யாரு?"

"வீட்டுக்காரர்."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, ஆபீஸ் அறையிலிருந்து தன் போனைக் கொண்டுவந்தாள். மூன்று முறை அடித்தோம். தெரியாத எண்ணை அவர் எடுக்க மாட்டார், அதுவும் வண்டி ஓட்டும்போது. என் போனுக்கு அடித்துப் பயனில்லை. நான் பள்ளிக்கூட ஆசிரியை. அது எப்போதும் சத்தம் அணைத்தே கிடக்கும்.

"பொண்ணு போட்டா எடுப்பாருல்ல? பொண்ணு நம்பர் சொல்லுங்க."

எடுப்பார். முதல் மணியிலேயே எடுப்பார். அவள் எண் எனக்கு மனப்பாடம்.

"அவளுக்கு வேணாம்மா. போய் நாலு நாள்தான் ஆகுது. அம்மாவைக் காணோம்னா அங்க உக்காந்து என்ன பண்ணுவா?"

டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவர், "கிளீனரை விட்டுட்டுப் போனவனப் பாத்திருக்கேன். வீட்டம்மாவ விட்டுட்டுப் போறவர இப்பதாங்க பாக்குறேன்" என்றார்.

"எங்க வீட்டுக்காரரா இருந்தா, வண்டி இன்னிக்கு என்ன சத்தமில்லாம ஓடுதுன்னு சந்தோஷமா மதுரைக்கே போயிருப்பாரு" என்றாள் செல்வி. பிறகு மெதுவாக, "திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டு போற வண்டி இப்ப வரும். காசு தரேன், ஏறிப் போயிருங்கக்கா" என்றாள்.

பஸ் வந்தது, நின்றது, போயிற்று. நான் ஏறவில்லை. அவர் எந்த இடத்தில் கவனிப்பார் என்று தெரியாமல் அந்த வீட்டுக்குள் போக முடியாது என்று தோன்றியது. இப்போது சிறுகனூர். இப்போது சமயபுரம் டோல்கேட். வாசலில் நிறுத்திவிட்டு, பெட்டிகளை மாடிக்கு ஏற்றிவிட்டு, நான் எழுந்து வருவேன் என்று கதவைத் திறந்துவைத்துக் காத்திருப்பாரோ? அதுவரைக்குமா தெரியாது? வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பங்கில் எல்லோருக்கும் வேலை இருந்தது.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் செல்வியின் போன் அடித்தது. "ஆமா சார், இங்கதான் இருக்காங்க. மெதுவா வாங்க" என்றாள். என்னிடம் திரும்பி, "குடுக்கட்டுமான்னேன். நேர்ல பேசிக்கிறேன்னு வச்சுட்டாருக்கா" என்றாள்.

கோபமா? வீடு வரை போய்விட்டாரா? அடுத்த அரை மணி நேரம் அதற்கு முந்திய முக்கால் மணி நேரத்தைவிட நீளமாக இருந்தது.

கார் எதிர்ப்பக்கச் சாலையில் வந்தது. இன்னும் கொஞ்சம் போனால் திரும்பும் வழி இருக்கிறது. அவர் போகவில்லை. ஓரத்தில் நிறுத்தி, கதவைக்கூடச் சாத்தாமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுத்திட்டின் அரளிச் செடிகளுக்குள் புகுந்து வந்தார். லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

"சார், இனிமே கயிறு கட்டிக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் செல்வி. அது அவர் காதில் விழவில்லை. மூச்சு வாங்க என் முன்னால் நின்றார்.

"கொள்ளிடம் பாலத்துல கோபுரம் தெரிஞ்சுது வசந்தி" என்றார். "பாப்பா இல்லாம வீட்டுக்குள்ள எப்படிப் போறதுன்னு உங்கிட்ட கேட்டேன். ரெண்டு தடவ கேட்டேன். நீ பேசல. அழுவுறியோன்னு வண்டிய ஓரங்கட்டித் திரும்பிப் பாத்தேன்."