பத்தும் ஒன்றும் நூற்றியொன்று

விருதுநகரில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்ததற்கு எனக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதை லேமினேட் செய்துகொண்டு போய் சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. ஆபீஸில் ஒரே ஒரு ஏ.சி. அது கம்ப்யூட்டருக்காக வாங்கியது. அது குளிர்ந்தது போக மிச்சம் எனக்கு.

முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். அவருக்கு ஒரு வெப்சைட் வேண்டும். எதற்கு என்றால், எதிர்த்த கம்பெனிக்காரர் வைத்திருக்கிறாராம். இதைவிடப் பெரிய காரணம் எங்கள் ஊரில் எந்தத் தொழிலுக்கும் தேவைப்பட்டதில்லை.

ஆர்டர் எடுக்கும் பக்கத்தை நானே எழுதினேன். சீசன் ஆர்டரில் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பத்துப் பெட்டி என்று யாரும் மொட்டையாகக் கேட்க மாட்டார்கள். மொய் எழுதுவதுபோல ராசிக்கு ஒன்று சேர்த்துத்தான் கேட்பார்கள். அதனால் இரண்டு கட்டம் வைத்தேன். ஒன்றில் பெட்டி எண்ணிக்கை, இன்னொன்றில் ராசிப் பெட்டி ஒன்று. நடுவில் ஒரு கூட்டல் குறி. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என்று நோட்டில் இரண்டு பக்கம் எழுதிப் படித்தவள் நான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கில் எனக்கா தப்பு வரும்? சோதனைகூடச் செய்தேன். நிரலுக்குள்ளேயே இரண்டு கூட்டல் மூன்று என்று எழுதிப் பார்த்தேன், ஐந்து வந்தது. அண்ணாச்சி ஆபீஸுக்கே பால்கோவா வாங்கிக் கொடுத்தார்.

கடைக்காரர்கள் பழையபடி போனில்தான் ஆர்டர் சொன்னார்கள். அவர்கள் சொல்வதை நான் கட்டத்தில் தட்டுவேன். உலகம் முழுவதற்கும் திறந்துவைத்த எங்கள் வெப்சைட்டுக்கு வந்துபோன ஒரே ஆள் நான்தான். நான் பத்து என்று தட்டினால், கூட்டிய சீட்டு அண்ணாச்சி அறையிலிருந்த பிரிண்டரில் விழும். அங்கிருந்து, பட்டாசு செய்கிற ஏழாயிரம்பண்ணை யூனிட்டுக்குப் போகும். நான் ஒரு சீட்டைக்கூட எடுத்துப் பார்த்ததில்லை.

ஆர்டர் கொட்டியது. நூற்றியொன்று, இருநூற்றியொன்று, ஐநூற்றியொன்று. அண்ணாச்சி சீட்டுகளை நின்றுகொண்டேதான் படிப்பார்.

"பாத்தியா பாப்பா, அம்புட்டும் ஒண்ணுலயே முடியுது. கம்ப்யூட்டர் வந்த ராசி" என்றார்.

அந்த யூனிட்டில்தான் என் அம்மா வெடிக்குத் திரி வைத்துக்கொண்டிருந்தாள். வலது கட்டைவிரலில் நகச்சுற்று வந்து சீழ் வைத்திருந்தது. ஒரு வாரம் விரலை அசைக்கவே கூடாது, முற்றினால் நகத்தையே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போர்மேனும் லீவுக்குச் சம்மதித்திருந்தார். ஆர்டர் ஏறியதும் லீவு போனது. ஞாயிற்றுக்கிழமையும் வேலை என்றார்கள். அம்மாவுக்கு அதில் வருத்தமே இல்லை.

"நீ தட்டுன ஆர்டரு. அதுக்கு நானே லீவு போட்டா நல்லாவாத்தா இருக்கும்?" என்று துணியைச் சுற்றிக்கொண்டு வேன் ஏறினாள். நான் தட்டியது அவ்வளவு இல்லையே என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். பெருமையில் மிதப்பவளுக்கு எது உறைக்கும்?

முதல் லோடு மூன்றாவது வாரம்தான் கிளம்பியது. அந்தச் சனிக்கிழமை மத்தியானம் காரியாபட்டி கடைக்கார பாய் போன் செய்தார்.

"ஏம்மா, பத்தும் ஒண்ணும் பதினொண்ணுதானே? நூத்தியொரு பெட்டிய இறக்கிட்டுப் போயிட்டாக. நாங்க எங்கன படுக்கிறது?"

நிரலைத் திறந்தேன். கட்டத்தில் தட்டுவதை ஜாவாஸ்கிரிப்ட் என்ற கம்ப்யூட்டர் மொழி எண்ணாக எடுத்துக்கொள்வதில்லை, வெறும் எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்கிறது. எழுத்துகளுக்கு நடுவில் கூட்டல் குறி வந்தால் அது கூட்டாது, ஒட்டும். பத்தோடு ஒன்றை ஒட்டினால் நூற்றியொன்று. கழித்தலும் பெருக்கலும் வகுத்தலும் அதே எழுத்தை எண்ணாக மாற்றிக்கொண்டு ஒழுங்காக வேலை பார்க்கும். கூட்டல் ஒன்றுதான் இரண்டு வேலை பார்க்கிற ஆசாமி. எண்ணாக மாற்று என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் போதும். வேறு ஊராக இருந்தால் முதல் சீட்டிலேயே யாராவது முகம் சுளித்திருப்பார்கள். எங்கள் ஊரில் அந்தத் தப்பு ராசியான எண்ணாகவே வந்து நின்றது. அதை யார் சந்தேகப்படுவது?

அம்மாவின் விரல் ஞாபகம் வந்தது. நேராக அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன்.

"கம்ப்யூட்டர் தப்புப் பண்ணுமா பாப்பா?"

"பண்ணாது அண்ணாச்சி. நான்தான் பண்ணேன்."

கையிலிருந்த சீட்டுகளை மேசையில் கவிழ்த்துவைத்துவிட்டு யூனிட்டுக்குப் போன் போட்டார். ஞாயிறு வேலை ரத்து, கேட்டவர்களுக்கெல்லாம் லீவு. என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பினால் அந்த வெப்சைட்டை நிறுத்தக்கூட அங்கே ஆள் கிடையாது.

வீட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அம்புட்டு ஆர்டரும் பொய்யாத்தா?" என்று மட்டும் கேட்டாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் வேன் ஹாரன் அடித்தது. வீங்கிய விரலோடு அம்மா கிளம்பி வாசலில் நின்றாள்.

"இன்னைக்கு உனக்கு லீவும்மா."

"வேன்ல அம்புட்டுப் பேர்ட்டயும் எம்மக கொண்டாந்த ஆர்டருன்னு சொன்னவ நான். அதை நம்பி ஞாயித்துக்கிழமையும் வந்து வேல பாத்தாளுக. இப்ப நான் வீட்டுல படுத்துக்கிட்டா எந்த மூஞ்சிய வச்சு அவளுகளப் பாக்குறது? ஆர்டரு பொய்யின்னு நானே போயி சொல்லிட்டு வாறேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு, அவளுக்கு முன்னால் நான் வேனில் ஏறினேன்.